மீனுக்கும் செவியுண்டு

மட்டக்களப்பை "மீன் பாடும் தேன் நாடு" என்று கூறுதல் வழக்கம். மேடைகளிலும் மலர்களிலும் இத்தொடரைக் கேட்டும் படித்தும் நமக்குப் பழகிவிட்டது. மீன் பாடுகின்றது என்பதில் நாம் கொள்ளும் பெருமை பெரிது. ஆயின், மீன் கேட்கின்றதா என்னும் வினாவை நம்மில் எத்தனை பேர் எழுப்பியிருக்கின்றோம்? பாடுகின்ற உயிர் ஒன்று உளதாயின், அப்பாட்டைக் கேட்கின்ற உயிர் ஒன்றும் இருத்தல் வேண்டுமன்றோ? கரையில் நின்று காது கொடுக்கும் மனிதருக்காகவா நீருள் வாழும் உயிர்கள் குரல் எழுப்புகின்றன?

தமிழர் இவ்வினாவுக்குப் புதியவரல்லர். உயிர்களை அறிவின் அளவுகொண்டு வகுத்த தொல்காப்பியர், தொடுவுணர்வு ஒன்றே உடையனவற்றை முதலில் வைத்து, சுவை, மோப்பம், பார்வை என ஏறி, செவியறிவை ஐந்தாவதாக வைத்தார். நத்தையை ஈரறிவுயிர் என்றும் நண்டை நான்கறிவுயிர் என்றும் அவர் கொண்டார். அஃதாவது, நண்டுக்குக் கண்ணுண்டு, செவியில்லை என்பது அவர் முடிபு. இன்றைய உயிரியலோ நண்டும் ஒலியதிர்வை உணரும் என்கின்றது. நம் செவி போன்ற செவி அதற்கில்லை. உடலின் சமநிலையைக் காக்கும் நுண்ணுறுப்பும் கால்களில் உள்ள உணர்வுறுப்புகளும் அதிர்வை அறிகின்றன. ஏறக்குறைய இரண்டாயிரம் ஆண்டுகளின் முன் கரையில் நின்று கண்ட ஒருவர் இத்துணை நுணுக்கமாக வகுத்தாரே என்று வியப்பதன்றி, அவரைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. நீரினுள் நிகழ்வதைக் கேட்கும் கருவி அவரிடம் இருக்கவில்லை.

நாம் வாழும் களுதாவளை, கிழக்கே வங்கக் கடலும் மேற்கே மட்டக்களப்பு வாவியுமாக, இரு நீர்களுக்கிடையே நீண்டு கிடக்கும் மணல் நிலம். பிள்ளையார் கோயிலாலும் வெற்றிலைக் கொடியாலும் பெயர்பெற்ற ஊர் இது. கிழக்கே நடந்தால் அலையோசை. மேற்கே நடந்தால் அமைதி. இவ்வூர்ப் பிள்ளைகள் கடலையும் வாவியையும் கண்டு வளர்கின்றவர்கள். அவர்களுள் ஒருவன் வகுப்பிலே, "மீனுக்குக் காது எங்கே இருக்குது, சேர்?" என்று கேட்டான். வகுப்பு நகைத்தது. நாம் நகைக்கவில்லை. நல்ல வினா அது.

தலைக்குள்ளே கல்

கத்தாளை மீனைக் கறிக்கு வெட்டும் தாய்மார் அதன் தலையினுள்ளே வெண்ணிறமான கற்களைக் கண்டிருப்பர். சிறுவர் அவற்றைப் பொறுக்கி விளையாடுவதும் உண்டு. அக்கற்களே மீனின் கேள்விக்கு ஆதாரம். எலும்புள்ள மீன் ஒவ்வொன்றின் தலையிலும் இத்தகைய செவிக்கற்கள் மூன்று சோடி உண்டு. கத்தாளையில் அவை பெரியனவாதலால் நம் கண்ணிற் படுகின்றன; ஏனையவற்றிற் சிறியன.

மீனுக்கு மடலும் இல்லை; துவாரமும் இல்லை. அவை வேண்டியதும் இல்லை. மீனின் தசையின் அடர்த்தி நீரின் அடர்த்தியை ஒத்தது. ஆதலால் நீரில் வரும் ஒலி மீனின் உடலிலே தடைப்படாது ஊடுருவிச் செல்கின்றது. நீர் அதிர்வது போலவே மீனும் அதிர்கின்றது. செவிக்கல்லோ தசையினும் அடர்த்தி மிகுந்தது. உடல் அசையும்போது கல் சற்றே பின்தங்குகின்றது. பேருந்து திடீரெனப் புறப்படும்போது நிற்பவர் பின்னோக்கிச் சாய்வது போன்றது இது. அந்தச் சிறு பின்னடைவினால், கல்லின் கீழ் உள்ள மயிர் போன்ற நுண்ணிய உயிரணுக்கள் வளைகின்றன. அவ்வளைவே நரம்பின் வழியே மூளைக்குச் செல்லும் செய்தி. மரத்தின் வளையம் போல இக்கல்லிலும் வளையங்கள் உண்டு. அவற்றை எண்ணி மீனின் வயதை அறிகின்றனர் ஆராய்ச்சியாளர்.

எல்லா மீனும் ஒன்றுபோற் கேட்பதில்லை. மனிதச் செவி செக்கனுக்கு 20 முதல் 20,000 வரையான அதிர்வுகளை அறியும். பெரும்பாலான மீன்கள் ஓராயிரத்துக்கு உட்பட்ட தாழ்ந்த ஒலிகளையே கேட்கும். கெண்டை, கெளிறு முதலிய இனங்கள் மட்டும் பல்லாயிரம் வரை கேட்கவல்லன. காரணம், அவற்றின் வயிற்றினுள்ளே இருக்கும் காற்றுப்பை. அப்பை நீரொலியால் விரிந்து சுருங்கும். அதன் அசைவைச் சிற்றெலும்புச் சங்கிலி ஒன்று செவிக்குக் கடத்தும். இவ்வெலும்புகளை 1820 ஆம் ஆண்டில் விவரித்தவர் ஜேர்மானியரான ஏர்ன்ஸ்ற் வெபர். அவர் பெயராலேயே அவை இன்றும் வழங்குகின்றன.

ஆயினும் மீன் செவிடு என்னும் எண்ணம் அறிஞரிடையே நெடுங்காலம் நிலவியது. அதனை உடைத்தவர்களுள் ஒருவர் கார்ல் வொன் பிரிஷ். தேனீயின் நடனமொழியை அறிந்து 1973 இல் நோபெல் பரிசு பெற்ற பெருமகன் அவரே. கண்ணில்லாத கெளிற்று மீன் ஒன்றைத் தொட்டியில் வளர்த்த அவர், உணவிடும்போதெல்லாம் வாயாற் சீழ்க்கையடித்தார். சில நாட்களின் பின், உணவு இல்லாமலே சீழ்க்கை ஒலித்ததும் அம்மீன் தன் மண்குழாயை விட்டு வெளியே வந்தது. சீழ்க்கைக்கு வரும் கெளிற்றைப் பற்றிய அவருடைய கட்டுரை 1923 இல் வெளிவந்தது. பெருங்கருவி எதுவும் இன்றி, ஒரு மீனும் ஒரு தொட்டியும் ஒரு வாயும் கொண்டு நிறுவப்பட்ட உண்மை இது என்பதை மாணவர் கருதுதல் வேண்டும்.

நீர் ஒலியின் நெடுஞ்சாலை

நீரினுள் ஒளி விரைவில் மங்கும். சேறு கலந்த வாவியிலோ ஒரு முழத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஒலிக்கு அத்தகைய தடையில்லை. சுவிற்சர்லாந்தின் ஜெனீவா ஏரியில் 1826 ஆம் ஆண்டில் கொலடன், ஸ்ரூம் என்னும் இருவர் இதனை அளந்தனர். ஒரு தோணியிலிருந்து நீருக்குள் தொங்கிய மணி அடிக்கப்பட்டது. அதே கணத்தில் வெடிமருந்து கொளுத்தி ஒளி காட்டப்பட்டது. பதின்மூன்று கிலோமீற்றருக்கு அப்பால் மற்றொரு தோணியில், நீருள் அமிழ்ந்த குழாயிற் செவியை வைத்துக் காலம் கணிக்கப்பட்டது. அவர்கள் கண்ட விரைவு செக்கனுக்கு 1,435 மீற்றர். காற்றில் ஒலி செல்லும் விரைவு ஏறக்குறைய 340 மீற்றரே. கடல்நீரில் இது 1,500 மீற்றரளவினது.

இதனை வீட்டிலேயே உணரலாம். நீச்சலறிந்த பிள்ளைகள், பெரியவர் ஒருவர் உடனிருக்க, தலையை நீருள் அமிழ்த்தி நிற்க, மற்றொருவர் சற்றுத் தொலைவில் இரு கற்களை நீருள் மோதட்டும். ஒலி எத்திசையிலிருந்து வந்தது என்று கூறவியலாது; தலையினுள்ளேயே பிறந்தது போலத் தோன்றும். இரு செவிகளுக்கும் ஒலி வந்து சேரும் கால வேறுபாட்டைக் கொண்டே நம் மூளை திசையை அறிகின்றது. நீரின் விரைவில் அவ்வேறுபாடு மிகச் சிறுத்துவிடுகின்றது. திமிங்கிலமும், ஓங்கில் என்று நம் கரையோர மக்கள் வழங்கும் டொல்பினும் இவ்விடரை வென்றுவிட்டன. ஓங்கிலின் கீழ்த்தாடையில் உள்ள கொழுப்பே ஒலியை உட்செவிக்குக் கொண்டுசெல்லும் வாய்க்கால். செக்கனுக்கு ஒரு இலட்சத்து ஐம்பதினாயிரம் அதிர்வு வரையான நுண்ணொலியையும் அது கேட்கும். தான் எழுப்பிய ஒலியின் எதிரொலி கொண்டு இரையின் இடத்தையும் அறியும். இருளிலும் கலங்கலிலும் வாழும் உயிருக்குச் செவியே கண்.

வாவியின் பாட்டு

இனி நம் வாவிக்கு வருவோம். தெற்கே கல்முனைப் பக்கத்திலிருந்து வடக்கே ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது இது. 1848 ஆம் ஆண்டில், குடியேற்ற நாட்டுச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமேர்சன் டெனன்ற் மட்டக்களப்புக்கு வந்தார். இரவிலே தோணியிற் சென்று, நீரின் அடியிலிருந்து எழுந்த இசையைக் கேட்டுப் பின்னர்த் தம் நூலிலும் எழுதினார். ஈரவிரலாற் கண்ணாடிக் கிண்ணத்தின் விளிம்பைத் தேய்க்கும்போது எழும் மெல்லொலிக்கு அதனை ஒப்பிட்டார். ஒரே நீண்ட ஒலியன்று, தனித்தனிச் சிற்றொலிகள் பல சேர்ந்தது என்றும், தோணியின் மரத்திற் செவியை வைத்தபோது அவ்வொலி மிகுந்தது என்றும் குறித்தார். பாடுவது மீனன்று, ஊரி என்று அவரிடம் மீனவர் கூறி, ஊரிகள் சிலவற்றைக் கொண்டுவந்தும் காட்டினர். ஆக, தொல்காப்பியர் ஈரறிவு தந்த நத்தையினத்துக்கு நம் மீனவர் பாட்டும் தந்தனர்!

மீனே என்பாரும், ஊரியே என்பாரும், கற்பாறையிடையே நீர் ஓடும் ஒலி என்பாரும் இன்றும் உளர். மீன் குரலெழுப்பவல்லது என்பதில் மட்டும் ஐயமில்லை. காற்றுப்பையைத் தசையால் அதிரச் செய்து முழவுபோல் முழங்கும் மீன்கள் உண்டு, கத்தாளை அவ்வினத்தது. முள்ளைப் பொருத்திலே தேய்த்துக் கரகரக்கும் கெளிற்றைத் தூண்டிலிற் பிடித்தவர் யாவரும் அறிவர். அமெரிக்காவின் கலிபோர்னியாக் கரையில், ஆண் மீன் ஒருவகை இரவெல்லாம் ரீங்கரித்துப் பெண் மீனை அழைக்கும். அங்கே படகு வீடுகளில் வாழ்வோர் அவ்வொலியால் உறக்கம் இழந்து, அதனை இயந்திர ஓசையென்றே முதலில் ஐயுற்றனர்.

அறிவியலார் ஆராய, கவிஞர் பாடினர். காரைதீவிற் பிறந்து, யாழ் நூலை 1947 இல் உலகுக்கு அளித்துவிட்டு அவ்வாண்டிலேயே மறைந்த சுவாமி விபுலானந்தர், இவ்வாவியின் ஒலியை நீரர மகளிரின் இசையாகக் கண்டார். இசைத்தமிழை வாழ்நாளெல்லாம் ஆராய்ந்த அப்பெரியாருக்கு, தம் நாட்டு நீரே பண் இசைத்தது பொருத்தமே. கல்லடியில் அவர் நிறுவிய பாடசாலையும் அவருடைய சமாதியும் வாவிக்கு அண்மையிலேயே உள்ளன.

கல்லடிப் பாலத்தின் கீழ், காற்றடங்கிய பூரணை இரவுகளில், துடுப்பின் ஒருமுனையை நீரிலும் மறுமுனையைச் செவியிலும் வைத்துக் கேட்பது பழைய வழக்கம். களுதாவளையின் மேற்கேயுள்ள நீரில் இதனைச் செய்து பார்க்க நாமும் விரும்பினோம். சித்திரை மாதத்து நிலவிரவு ஒன்றில், அயலிலுள்ள முதிய மீனவர் ஒருவர் தம் தோணியில் நம்மை அழைத்துச் சென்றார். கரையின் விளக்குகள் சிறுத்த பின்னர்த் தோணியை நிறுத்தித் துடுப்பை நீட்டினார்.

"சத்தம் போடாம இந்தக் கொண்டையில காத வைங்க, சேர்" என்றார்.

வைத்தோம். மேலே பேரமைதி, கீழேயோ சந்தை. தாய்ச்சியிற் கடுகு வெடிப்பது போன்ற படபடப்பு முதலிற் கேட்டது. ஒரு கொடுக்கைப் பெரிதாக உடைய சிற்றிறால்கள், அதனை விரைந்து மூடும்போது இத்தகைய ஒலி பிறக்கும். அதனூடே, தொலைவில் யாரோ மரக்கதவைத் திறந்து மூடுவது போன்ற தாழ்ந்த குரல் இடையிடையே வந்தது. அது மீன் என்றார் முதியவர். நூல்கள் கூறும் நரம்பிசை அன்று கேட்கவில்லை. எனினும் நாம் ஏமாற்றம் கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுகளாகக் கரையிலிருந்து ஊமையென எண்ணிய நீர் அது!

அப்போது வடக்கேயிருந்து இயந்திரப் படகு ஒன்று வந்தது. அது கண்ணுக்குத் தெரியுமுன்னரே துடுப்பு முழுவதும் அதன் இரைச்சலால் நிறைந்தது. இறாலின் படபடப்பும் மறைந்தது. மரக்கதவின் குரலும் மறைந்தது. படகு தெற்கே சென்று, அதன் ஓசை மேலே அடங்கிய பின்னும் நீருள் நெடுநேரம் இரைந்தது.

"மெசின் போனா மறுகா கொஞ்ச நேரத்துக்கு மீன் ஒண்டும் கத்தாது. பொறுங்க, திரும்பத் தொடங்கும்" என்றார் அவர்.

பொறுத்தோம். இறால் முதலில் கேட்டது. மீன் குரல் மீள நெடுநேரம் சென்றது. அக்குரல் துணையை அழைக்கும் குரலாயின், அவ்விடைவெளியில் எத்தனை அழைப்புகள் கேட்கப்படாமற் போயின என்று எண்ணினோம். படகோட்டி தீயவரல்லர், தம் பிள்ளைகளின் சோற்றுக்காக வலை வீசச் சென்றவர். அவருடைய வலைக்கு நாளை மீன் வேண்டுமாயின், இன்றிரவு மீன் தன் துணையின் குரலைக் கேட்டாக வேண்டும். இதுவே இச்சிக்கலின் உள்முடிச்சு.

இரைச்சலின் தீங்கு

நம் வாவியிற் சிறிய அளவில் நிகழ்வது, சமுத்திரங்களிற் பேரளவில் நிகழ்கின்றது. இலங்கையின் தெற்கே, தெய்வேந்திர முனைக்கு அப்பால், உலகின் மிக நெருக்கமான கப்பற் பாதைகளுள் ஒன்று செல்கின்றது. அதே நீரில், மிரிஸ்ஸக் கரைக்கு அப்பால், உலகின் மிகப் பெரிய விலங்காகிய நீலத்திமிங்கிலம் இரை தேடுகின்றது. திருகோணமலைக் கடலில் 1980 களில் ஆராய்ச்சியாளர் இத்திமிங்கிலங்களின் பாட்டைப் பதிவுசெய்தனர். இலங்கை நீரில் ஒலிக்கும் பாட்டு, ஏனைய சமுத்திரங்களின் நீலத்திமிங்கிலப் பாட்டினின்றும் வேறானது என்பது பின்னர்த் தெளிவாயிற்று. மீன் மட்டுமன்றித் திமிங்கிலமும் இந்நாட்டுக்கெனத் தனிப்பண் வைத்திருக்கின்றது! மிகத் தாழ்ந்த அவ்வொலி ஆழ்கடலில் நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் செல்லவல்லது. பெருங்கப்பலின் விசிறியும் இயந்திரமும் எழுப்பும் ஒலியும் அதே தாழ்ந்த நிலையினது. தேர்த்திருவிழாவின் ஒலிபெருக்கி அருகே நின்று தாய் பிள்ளையை அழைப்பது போலாயிற்று திமிங்கிலத்தின் நிலை.

சில ஒலிகள் கொல்லவும் செய்யும். 2000 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பஹாமாஸ் தீவுகளின் கரையில் 17 திமிங்கிலங்களும் ஓங்கிலினங்களும் ஒதுங்கின. இறந்தவற்றின் செவிப்புறத்தே குருதிக் கசிவு காணப்பட்டது. நீர்மூழ்கிகளைத் தேட அமெரிக்கக் கடற்படை எழுப்பிய சோனார் ஒலியே பெரிதும் காரணம் என அந்நாட்டு அரசின் ஆய்வறிக்கையே கூறிற்று. 2002 இற் கனேரித் தீவுகளில் அலகுத் திமிங்கிலங்கள் 14 இவ்வாறே ஒதுங்கின. 2004 இல் ஸ்பெயின் நாடு அத்தீவுகளைச் சூழ அவ்வொலியைத் தடைசெய்தது. எண்ணெய் தேடுவோர் கடலடியை ஆராயக் காற்றுத் துப்பாக்கிகளை இடையறாது வெடிக்கின்றனர். கூண்டிலிட்ட மீன்களை அவ்வொலிக்கு உட்படுத்தியபோது, அவற்றின் செவியிலுள்ள நுண்மயிர்கள் சிதைந்தமையை 2003 இல் அவுஸ்திரேலிய ஆய்வு காட்டியது. மனிதருக்கு இழந்த செவிமயிர் மீள்வதில்லை. மீனுக்கோ அவற்றை மீளவும் வளர்க்கும் ஆற்றல் உண்டு. ஆயின் அதற்கு அமைதியும் காலமும் வேண்டும்.

நம் கரையோரங்களில் இதனினும் கொடிது ஒன்று உண்டு. வெடி வைத்து மீன் பிடித்தலே அது. வெடியின் அதிர்ச்சியால் மீனின் காற்றுப்பை கிழிகின்றது. குஞ்சும் முட்டையும் அழிகின்றன. பெரும்பகுதி மீன் யாருக்கும் பயனின்றி அடியில் ஆழ்ந்து அழுகுகின்றது. 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடற்றொழில், நீர்வாழ் உயிரின வளச் சட்டம் இதனைக் குற்றமாக்கியுள்ளது. சட்டம் ஏட்டிலிருக்க, வெடி கடலிலிருப்பது நம் ஊர்களுக்குப் பெருமை தருவதன்று.

அமைதி மருந்தாகும்

ஆறுதலான செய்தியும் உண்டு. பிளாஸ்ரிக் குப்பை நூற்றாண்டுகள் கிடக்கும். இரைச்சலோ நிறுத்திய கணத்தில் மறைந்துவிடும். 2001 செப்ரெம்பர் 11 ஆம் திகதி அமெரிக்காவில் நிகழ்ந்த பெருங்கொடுமையை அடுத்த நாட்களிற் கப்பற் போக்குவரத்துக் குறைந்தது. கனடாவின் கிழக்குக் கரையில் உள்ள பண்டி விரிகுடாவிலே நீரின் இரைச்சல் 6 டெசிபல் தணிந்தது. அங்கே திமிங்கிலங்களின் மலத்தைச் சேர்த்து ஆராய்ந்துவந்தவர்கள், அந்நாட்களில் அவற்றின் உடலில் அச்சத்தையும் அலைச்சலையும் காட்டும் சுரப்புக் குறைந்திருந்தமையைக் கண்டு 2012 இல் வெளியிட்டனர். மனிதர் துயருற்றிருந்த அந்நாட்களிலே, திமிங்கிலம் சிறிது ஆறுதல் பெற்றது.

கப்பல் மெதுவாகச் சென்றால் இரைச்சல் குறையும். விசிறியைத் திருத்தி அமைத்தாலும் குறையும். சர்வதேசக் கடல்சார் அமைப்பு இதற்கான வழிகாட்டியை 2014 இல் வெளியிட்டு 2023 இற் புதுப்பித்தது. ஜேர்மனியர் கடலிற் காற்றாலைத் தூண் அறையும்போது, அதனைச் சூழக் காற்றுக் குமிழ்களாலான திரையை எழுப்பி ஒலியைத் தடுக்கின்றனர். 2022 இற் பெருங்கப்பல் நிறுவனம் ஒன்று, இலங்கைத் திமிங்கிலங்களுடன் மோதலைத் தவிர்க்கத் தன் கப்பல்களைத் தெற்கே விலகிச் செல்லுமாறு பணித்தது. மோதலுக்கு அஞ்சிச் செய்தது அமைதிக்கும் உதவும்.

நாம் செய்யத்தக்கவை இவற்றினும் எளியன. வாவியில் மீன் பெருகும் ஆழங்குறைந்த இடங்களில் இயந்திரத்தை அடக்கி மெதுவாகச் செலுத்தலாம். துடுப்பு போதுமான இடத்தில் துடுப்பே போதும். வாவிக்கரை விழாக்களின் ஒலிபெருக்கியை உரிய வேளையில் நிறுத்தலாம். வெடி வைப்போரை ஊரார் கூடித் தடுக்கலாம். பாடசாலைகள் ஆண்டுக்கு ஓரிரவேனும் மாணவரைப் பெரியோர் துணையுடன் வாவிக்கு அழைத்துச் சென்று, கேட்டதை நாளும் நேரமும் இடமும் குறித்து எழுதச் செய்யலாம். எந்த மாதத்தில், எவ்விடத்தில், எத்தகைய ஒலி என்னும் குறிப்புகள் பத்தாண்டு சேர்ந்தால், பாடுவது மீனா ஊரியா என்னும் பழைய வழக்குக்கும் நம் பிள்ளைகளே தீர்ப்பெழுதக் கூடும்.

வள்ளுவர் கேள்விக்கென்று தனி அதிகாரமே வகுத்தார். அறிவுடையோர் சொல்லைக் கேட்பதையே அவர் கருதினாரெனினும், பேசாத உயிர் என்று நாம் ஒதுக்கியவற்றின் குரலைக் கேட்பதும் இன்று நமக்குக் கல்வியின் பகுதியே. வருகின்ற பூரணைக்கு ஒரு துடுப்பும் ஒரு நாழிகை நேரமும் போதும். மீன் பாடும் நாட்டிற் பிறந்த பிள்ளைகள் அப்பாட்டைத் தம் செவியாலேயே கேட்டு வளரட்டும்.